ஓவர்லாக் மெஷினில் பதினோரு நாள்

மார்ச் 3, செவ்வாய்
திருப்பூர் பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது டெய்லருக்குக் கைவேலை செய்யும் உதவியாளாக, சேர்கிறவர்கள் வருடக்கணக்காகக் கைமடியாகவே கிடக்கிறார்கள். டெய்லராக்க யாருக்கு நேரம்? இன்று சாப்பாட்டு இடைவேளையில் எங்கள் லைன் கைமடிப் பெண்ணை துணி ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும் நாலு நூல் ஓவர்லாக்கில் உட்கார வைத்தேன். நூல் கோக்கவே அரை மணி நேரம். மேல் லூப்பர், கீழ் லூப்பர், பிறகுதான் ஊசிகள். கீழ் லூப்பரில் நூல் நான்கு முறை நழுவியது. பிடுங்கி நானே கோத்துவிட என் கை பரபரத்தது. பின்னால் கட்டிக்கொண்டேன்.

மார்ச் 6, வெள்ளி
வேஸ்ட் துணியில் பழகுகிறாள். பயத்தில் துணியை இழுத்துப் பிடிக்கிறாள். பனியன் துணி நீண்டு, தையல் அலையலையாக எழும்புகிறது. "மெஷினே இழுத்துக்கொள்ளும் கண்ணு, நீ வழி மட்டும் காட்டு" என்றேன்.

மார்ச் 10, செவ்வாய்
ஆர்டர் அவசரத்தில் நிஜ பண்டலைக் கொடுத்துவிட்டேன். துணியை அதிகம் உள்ளே தள்ளியதால் கத்தி ஓரத்தைத் தின்றுவிட்டது. 22 பீஸ் அளவு குறைவு. தையலென்றால் பிரிக்கலாம், வெட்டியதை என்ன செய்வது? மேனேஜர் அவளைத் தேடி வந்தார். "நான்தான் உட்கார வைத்தேன் சார், என்னிடம் பேசுங்கள்" என்றேன். பேசினார், காது கூசுமளவு. அவளை மறுபடி கைமடிக்கே அனுப்பச் சொன்னார். சனிக்கிழமை வரை தவணை கேட்டிருக்கிறேன்.

மார்ச் 11, புதன்
மீட்டிங்கில் கலாம் பல மேடைகளில் சொன்ன அந்தக் கதை. 1979 ஆகஸ்ட் 10 அன்று கலாம் திட்ட இயக்குநராக இருந்து செய்த எஸ்.எல்.வி-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தபோது செய்தியாளர்களுக்குப் பதில் சொன்னவர் அன்றைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான்; 1980 ஜூலை 18 அன்று வென்றபோது கலாமைப் பேசச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள், 22 பீஸுக்கு நேற்று குதித்தவர் உட்பட. எனக்கு அந்த இரண்டு நாளைவிட இடைப்பட்ட பதினோரு மாதம்தான் பெரிதாகத் தெரிகிறது. தோற்ற மனிதரிடமே அதே ராக்கெட்டை விட்டுவைத்தார்களே!

மாலையில் துணி ஓரம் எதுவரை போகலாம் என்று மெஷின் தட்டில் ஒரு டேப் ஒட்டினேன். அவளிடம் அதே மெஷின், அதே சைடு அடிக்கும் வேலை.

மார்ச் 14, சனி
40 பீஸ். ஒவ்வொன்றையும் அவளே டேப் வைத்து அளந்தாள். செக்கிங்கிலிருந்து இரண்டு திரும்பின. நான் எழுந்திருப்பதற்குள் அவளே போய் வாங்கி வந்து, "இந்த இடத்தில் இழுத்துவிட்டேன் அக்கா" என்று அலையைத் தொட்டுக் காட்டினாள்.

திங்கள்கிழமைக்குள் வேறு கைமடி தேட வேண்டும்.