வால் துப்பாக்கி வீரரின் இரவு வேலை

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் ஏழு பேர் போவார்கள். ஆறு பேர் முன்பக்கமும் நடுவிலும் இருக்க, ஏழாவது ஆள் வால் நுனியில் கண்ணாடிக் கூண்டுக்குள் பின்பக்கம் பார்த்தபடி தனியாக உட்கார்ந்திருப்பார். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள் பலர் இந்த வேலையில் இருந்தார்கள். துப்பாக்கி வீரர் என்று பெயர். ஆனால் ராத்திரி முழுக்க இருட்டைத் துழாவுவதும், கண்ணில் பட்டதை அந்த நொடியே விமானிக்குச் சொல்வதும்தான் அவர் பார்த்த வேலை.

கூண்டில் நான்கு பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கிகள் உண்டு, குழல் விட்டம் .303 அங்குலம். ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,150 தோட்டா சுடும். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் ஜெர்மன் இரவு விமானங்களின் 20 மில்லிமீட்டர் பீரங்கி இதைவிடத் தொலைவிலிருந்தே தாக்கும். நம் தோட்டாவின் ஒளிக்கோடு நாம் இருக்கும் இடத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எதிரி நம்மைக் கவனிக்காதவரை சுடாமல் இருப்பதே நல்லது என்று அனுபவசாலிகள் பலர் கருதினார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

பார்ப்பதற்கும் முறை உண்டு. கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் பிடிக்கும். குறி பார்க்கும் கருவியின் விளக்கைக் கொஞ்சம் கூட்டி வைத்தாலும் அந்தப் பழக்கம் கெட்டுவிடும். நேராக உற்றுப் பார்த்தால் மங்கலான உருவம் மறையும், சற்றே ஓரமாகப் பார்த்தால் தெரியும். கண்ணாடியில் ஒட்டிய சிறு அழுக்குகூட விமானம்போலத் தோன்றும் என்பதால், பல படைப்பிரிவுகளில் எதிரே இருந்த பெர்ஸ்பெக்ஸையே, அதாவது கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தகட்டையே, வெட்டி எடுத்துவிட்டார்கள். பார்வை தெளிந்தது, குளிர் நேராக முகத்தில் அடித்தது. மைனஸ் 40 டிகிரிகூட இருக்கும். மின்சாரத்தில் சூடாகும் உடையில் ஒரு கம்பி அறுந்தால் அந்தக் கையோ காலோ மரத்துப்போகும். மூச்சின் ஈரம் ஆக்சிஜன் குழாயில் பனிக்கட்டியாக உறையும். அதை அவ்வப்போது கசக்கி உடைத்துவிட வேண்டும். ஆக்சிஜன் குறைந்தால் வலி எதுவும் தெரியாது, எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே தோன்றும். அதனால்தான் விமானி இடைவெளி விட்டு இன்டர்காமில் கூப்பிட்டுப் பார்ப்பார்.

எதிரி இடப்பக்கம் தெரிந்தால் "கார்க்ஸ்க்ரூ போர்ட், கோ!" என்று கத்த வேண்டும், அதாவது இடப்பக்கம் திருகாணிபோல் சுழன்று பாய் என்று. விமானி கேள்வி கேட்காமல் அதே பக்கம் சாய்த்துக் கீழே பாய்வார், பிறகு மேலேறி மறுபக்கம் திரும்புவார். வருகிறவன் பக்கமே திரும்பினால்தான் அவனுக்குக் குறி தவறும். பக்கத்தை மாற்றிச் சொன்னால் அவனுக்கு வசதியாகப் போய்விடும். 1943-இல் ஜெர்மானியர்கள் மேல்நோக்கிச் சுடும் பீரங்கிகளைப் பொருத்திக்கொண்டு அடிவயிற்றுக்குக் கீழே வந்து நின்றார்கள். பெரும்பாலான லங்காஸ்டர்களில் கீழே பார்க்க ஆளும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. விமானத்தை அவ்வப்போது சாய்த்துக் காட்டச் சொல்லி எட்டிப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

கூண்டைச் சுழற்றும் ஹைட்ராலிக் அழுத்தம் இடப்பக்க வெளி எஞ்சினிலிருந்து வந்தது. அது நின்றால் கைப்பிடியைச் சுற்றித்தான் திருப்ப வேண்டும். பாராசூட்டும் கூண்டுக்கு வெளியே, விமான உடலுக்குள் மாட்டியிருக்கும். கூண்டை நேராக்கி, கதவைத் திறந்து, அதை எடுத்து மார்பில் மாட்டி, கூண்டைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகுப்பக்கமாக விழ வேண்டும். 1944 ஜூனில் பிரான்சின் காம்ப்ரே நகருக்கு மேலே ஒரு கனடிய லங்காஸ்டரில் இடப்பக்க எஞ்சின்கள் இரண்டும் போயின. வால் வீரர் பாட் பிரோஃபியின் கூண்டு பாதியில் சிக்கியது, கைப்பிடியும் உடைந்தது. நடுக்கூண்டு வீரர் ஆண்ட்ரூ மைனார்ஸ்கி தீக்குள் தவழ்ந்து வந்து கோடரியால் உடைக்கப் பார்த்தார், முடியவில்லை. உடை எரிய வெளியே குதித்த அவர் காயங்களால் இறந்தார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பின்னர் வந்தது. விமானத்தோடே விழுந்த பிரோஃபி பிழைத்தார். அதே ஆண்டு மார்ச்சில் நிக்கலஸ் ஆல்கமேட் என்ற 21 வயது வால் வீரரின் பாராசூட் மாட்டிய இடத்திலேயே எரிந்துபோனது. 18,000 அடியிலிருந்து வெறுமனே குதித்தார். பைன் மரக்கிளைகளும் பனியும் தாங்கிக்கொண்டதால் உயிர் தப்பினார்.

பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையான பாம்பர் கமாண்டில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். .5 அங்குலத் துப்பாக்கி இரண்டு வைத்த, முன்பக்கமாகவே நேராக வெளியே விழக்கூடிய ரோஸ் கூண்டு 1944-இல்தான் வந்தது. அதுவும் சில படைப்பிரிவுகளுக்கு மட்டுமே கிடைத்தது.