நண்டூறுது, நரியூறுது… அப்புறம் நிறுத்துங்கள்

என் மகனுக்கு 2 வயது முடிந்தபோது அவனிடம் இருந்தவை ஆறே சொற்கள். அம்மா, தாத்தா, காக்கா, பூ, டாட்டா, வேணா. செருப்பு எங்கே என்றால் எடுத்து வருவான், விளக்கை அணை என்றால் சுவிட்சைக் காட்டுவான், ஆனால் தனக்கு ஒன்று வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அலமாரி முன்னால் நிறுத்துவான், அவ்வளவுதான்.

அத்தை "அவங்கப்பனும் மூணு வயசுலதான்மா பேசினான்" என்றார். பக்கத்து வீட்டு அம்மா வசம்பை உரைத்து நாக்கில் தடவச் சொன்னார். 20 மாதத்தில் பார்த்த டாக்டரும் ஆண் பிள்ளை லேட்டாகத்தான் பேசும் என்று அனுப்பிவிட்டார். அந்த நான்கு மாதம் போனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. 2 வயதில் 50 சொல்கூட இல்லை, இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள், போய்க் காட்டிவிடுங்கள்.

அடுத்து பார்த்த டாக்டர் முதலில் காதைப் பார்க்கச் சொன்னார். கூப்பிட்டால் திரும்புகிறானே என்றேன். கதவு சாத்தும் சத்தம் கேட்கிற பிள்ளைக்கும் ச, த மாதிரி மெல்லிய ஒலிகள் சரியாகக் கேட்காமல் இருக்கலாம், சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்தாலும் அப்படி ஆகும் என்றார். காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் பிள்ளை தூங்கும்போது எடுப்பது. காலை 5 மணிக்கே எழுப்பி, பஸ்ஸில் கண் சொருகும்போதெல்லாம் ஜன்னலில் மாடு காட்டி, அங்கே போய் மருந்து கொடுத்துத் தூங்க வைத்தோம். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டிக் கிடந்தவனைப் பார்க்கவே முடியவில்லை. கேட்கும் திறன் சரியாக இருந்தது.

அப்புறம் ஸ்பீச் தெரபி. (அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி., அதாவது பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே பார்க்கும் மாவட்ட மையம், எங்கே என்று கேளுங்கள், இலவசம்.) முதல் நாள் தெரபி கொடுக்கும் பெண் அவனைத் தொடவே இல்லை. எங்களை விளையாடச் சொல்லி ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நீங்க அவனுக்கு இடமே விடலையேம்மா" என்றார். உண்மைதான். இது என்ன சொல்லு, மாடு சொல்லு என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், அவன் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் நானே சொல்லிவிடுகிறேன், தாகம் எடுப்பதற்கு முன்பே தண்ணீர் டம்ளரை நீட்டுகிறேன்.

அவர் சொன்னபடி கேள்வியைக் குறைத்தோம். அவன் எதைப் பார்க்கிறானோ அதைச் சொன்னோம், அவன் "பூ" என்றால் நான் "சிவப்பு பூ", அவ்வளவுதான், ஒரு சொல் கூடுதல். இட்லியை முழுதாக வைக்காமல் ஒரு துண்டு வைத்துவிட்டுச் சும்மா இருந்தோம். சாப்பாட்டு நேரத்து போனை நிறுத்தியது பெரிய போராட்டம், நான்கு நாள் வீடே இரண்டுபட்டது. உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே 2 வயதுக்குக் கீழே திரை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது, எங்களுக்கு உறைக்கவில்லை.

எங்களுக்குப் பலித்தது பருப்பு கடையும் விளையாட்டு. உள்ளங்கையில் முழங்கையால் கடைந்து, விரல்களை மடக்கி, நண்டூறுது நரியூறுது என்று கை மேலே விரலை ஓட்டி, அக்குளுக்கு முன்னால் சட்டென்று நிறுத்திவிட வேண்டும். வாயும் திறக்கக் கூடாது. மனசுக்குள் 10 எண்ணுவேன், அந்தப் பத்து எவ்வளவு நீளம் என்று எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். முதல் வாரம் என் விரலைப் பிடித்து இழுத்தான். பிறகு "ம்ம்" என்றான். பதினோராம் நாள் ராத்திரி, கரண்ட் போய் பாயில் படுத்திருந்தபோது, நான் நிறுத்தினேன், அவன் என் முகத்தையே பார்த்தான், "ஊது" என்றான். நான் அழுததில் பயந்து அவனும் அழுதான்.

இப்போது 3 வயதாகப் போகிறது. "அப்பா வண்டி வந்துச்சு" என்கிறான். ர இன்னும் வரவில்லை, காரைக் "காலு" என்பான். திருத்துவதில்லை, "ஆமா, பெரிய கார்" என்று நாங்கள் சரியாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். தெரபி மாதம் இரண்டு தடவை தொடர்கிறது.