ஒரே கரண்டி, இரண்டு உடம்பு

முதியோர் இல்லத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாத் தட்டிலும் ஒரே அளவுதான் விழுகிறது. பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரே அளவு ஆணுக்கு ஒரு விதத்தில் பற்றாமல் போகிறது, பெண்ணுக்கு வேறு விதத்தில். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இது பிடிபடும்.

இரண்டு பேரை வைத்துக்கொள்வோம். இருவருக்கும் வயது 82. அம்மாவின் எடை 42 கிலோ, ஐயாவின் எடை 68 கிலோ. முதியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 30 கிலோ கலோரி என்பது ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கமான எஸ்பென் தரும் வழிகாட்டு அளவு. அப்படியென்றால் அம்மாவுக்கு 1,260, ஐயாவுக்கு 2,040. இல்லத்தில் ஆளுக்கு 1,600 கிலோ கலோரி பரிமாறுகிறார்கள் என்று கொள்ளுங்கள். ஐயா தட்டைத் துடைத்துச் சாப்பிட்டாலும் தினமும் 440 குறைகிறது. இப்படியே போனால் மாதம் ஒரு கிலோவுக்கு மேல் எடை இறங்கும். தட்டு காலியாகத் திரும்புவதால் பராமரிப்பாளர் குறிப்பேட்டில் "நன்றாகச் சாப்பிட்டார்" என்று எழுதிவிடுவார். மெலிவு கண்ணில் படும்போது தொடைத் தசை கரைந்திருக்கும்.

அம்மாவின் கதை வேறு. முக்கால் தட்டு சாப்பிட்டுவிட்டு "போதும்மா" என்று நகர்த்தி வைப்பார். 1,200 கிலோ கலோரி உள்ளே போய்விட்டதால் கலோரிக் கணக்கில் ஏறக்குறைய சரியாகிவிடும். சிக்கல் நுண்சத்துகளில். அமெரிக்கப் பரிந்துரைப்படி எழுபதைத் தாண்டியவர்களுக்கு நாளொன்றுக்குக் கால்சியம் 1,200 மில்லிகிராம், வைட்டமின் டி 20 மைக்ரோகிராம், பி12 2.4 மைக்ரோகிராம். இவை ஆண், பெண் இருவருக்கும் ஒன்றே. மாதவிடாய் நின்ற பிறகு இரும்புச்சத்தின் தேவையும் சமமாகிவிடுகிறது. ஐயா 2,040 கிலோ கலோரிக்குள் தேடிக்கொள்ள வேண்டியதை அம்மா 1,260-க்குள் தேட வேண்டும். அதனால் அவருடைய ஒவ்வொரு கவளத்திலும் சத்து அடர்த்தியாக இருக்க வேண்டும். நீர்த்த கஞ்சியும் வெறும் ரொட்டியும் அவருடைய சின்ன வயிற்றில் இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும்.

இதற்குத் தீர்வு சமையலறையிலேயே இருக்கிறது. ஐயாவுக்கு அளவைக் கூட்டுங்கள், இரண்டாம் முறை கேட்காமலே பரிமாறுங்கள். அம்மாவுக்கு அளவைக் கூட்டினால் பயந்து ஒதுங்குவார். அளவை அப்படியே வைத்துச் செறிவை ஏற்றுங்கள். கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 15 கிராமைக் கஞ்சியிலோ சூப்பிலோ கலந்தால் சுமார் 5 கிராம் புரதமும் 180 மில்லிகிராமுக்குக் குறையாத கால்சியமும் சேரும், தட்டின் உயரம் மாறாது. கொதிக்கும் கஞ்சியில் அப்படியே தூவினால் கட்டி தட்டும். முதலில் ஆறிய தண்ணீரில் கரைத்துவிட்டு ஊற்ற வேண்டும்.

புரதம் கிலோவுக்கு 1 கிராம் என்பது குறைந்தபட்சம். நோயோ படுக்கைப் புண்ணோ இருந்தால் 1.2 முதல் 1.5 வரை போகும். சிறுநீரகம் மோசமாக இருப்பவர்களுக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் தவறு நடப்பது காலை உணவில். மாவுப் பொருள் மட்டும் தட்டில் இருக்கும், புரதம் முழுக்க மதியத்துக்குப் போயிருக்கும். முதிய தசைக்கு ஒரு வேளையில் கணிசமான புரதம் சேர்ந்தால்தான் கட்டுமான வேலை தொடங்கும். காலையில் ஒரு முட்டையும் 200 மில்லி பாலும் கொடுத்தால் 12 கிராமுக்கு மேல் வந்துவிடும்.

அடுத்தது அளவெடுப்பு. இங்கே பெண்களுக்கு நடக்கும் அநியாயத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. எலும்புத் தேய்மானத்தால் முதுகு வளைந்த அம்மாவை நிற்க வைத்து அளந்தால் 138 செ.மீ. வரும். அதை வைத்து, உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. போட்டால் 22. யாரும் கவலைப்பட மாட்டார்கள். இப்போது முழங்கால் உயரத்தை எடுங்கள்: இடது முழங்காலும் கணுக்காலும் 90 பாகையில் மடங்கியிருக்க, குதிகாலின் அடியிலிருந்து முழங்கால் சில்லுக்குச் சற்று மேலே தொடையின் மேற்பரப்பு வரை. இது 45 செ.மீ. என்று கொள்வோம். முழங்கால் உயரத்திலிருந்து முழு உயரத்தைக் கணிக்கும் சம்லியா சூத்திரத்தின்படி பெண்ணின் உயரம் 84.88 − (0.24 × வயது) + (1.83 × முழங்கால் உயரம்). விடை 147.5 செ.மீ. பி.எம்.ஐ. 19.3 ஆக இறங்கிவிடுகிறது. ஊட்டச்சத்து மதிப்பீட்டுக்கான குறும் எம்.என்.ஏ. படிவத்தில் இதனால் ஒரு புள்ளி குறையும். 14-க்கு 12 என்று 'சாதாரணம்' வரிசையில் இருந்தவர் 11 ஆகி 'அபாயம்' வரிசைக்கு வருவார். ஆண்களுக்குச் சூத்திரம் வேறு: 64.19 − (0.04 × வயது) + (2.02 × முழங்கால் உயரம்). இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

கெண்டைக்கால் சுற்றளவில் ஏமாறுவது ஆண். குறும் எம்.என்.ஏ.வில் பி.எம்.ஐ. கிடைக்காதபோது இருபாலருக்கும் 31 செ.மீ. என்ற ஒரே கோடுதான். தசை இழப்பைப் பற்றிய ஆசியக் குழுவின் 2019 அளவுகோல் ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 என்கிறது. 32 செ.மீ. உள்ள ஐயா முதல் படிவத்தில் தேறிவிடுவார், இரண்டாவதில் மாட்டிக்கொள்வார். இரண்டாவதை நம்புவதே நல்லது என்பது என் கருத்து. காலில் நீர் கோத்திருந்தால் இரண்டுமே பொய். அப்போது கைப்பிடி வலுவைப் பாருங்கள். அதே குழு ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் குறைந்தால் பலவீனம் என்று வைத்திருக்கிறது.

ரத்தப் பரிசோதனைச் சீட்டிலும் இதே கதை. தசையில் உண்டாகிச் சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் இருவருக்கும் 1.0 என்று வந்திருக்கிறது, இரண்டுமே 'நார்மல்'. வயது, எடை, பாலினத்தையும் சேர்த்துப் பார்க்கும் காக்கிராஃப்ட்-கால்ட் கணக்கில் ஐயாவின் சிறுநீரகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 55 மில்லி வடிக்கிறது, அம்மாவுடையது 29 மட்டுமே. அம்மாவுக்குத் தசை குறைவு என்பதால் கிரியேட்டினினும் குறைவாகவே உற்பத்தியாகிறது, சீட்டு அழகாகத் தெரிகிறது. இப்படி வடிப்பது குறைந்தால், இதயத்துக்கான டிகாக்சின், சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் போன்ற மருந்துகள் உடலில் தேங்கிக் குமட்டலையும் பசியின்மையையும் கொண்டுவரும். "அம்மா சாப்பிட அடம் பிடிக்கிறார்" என்று எழுதுவதற்கு முன் மாத்திரைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஹீமோகுளோபினில் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லைக்கோடு ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12. ஐயாவின் 12.4-ஐ "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. இரும்புச்சத்துதான் குறைவு என்றால், இந்த வயதில் இருபாலருக்கும் குடலில் ரத்தக் கசிவு உண்டா என்று தேட வேண்டும்.

எலும்பு முறிவு பெண்களுக்கு அதிகம். ஆனால் இடுப்பு எலும்பு முறிந்தபின் ஓராண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு ஆணுக்கே கூடுதல். அப்படியிருந்தும் ஆண்களின் எலும்பு அடர்த்தியைச் சோதிப்பது அரிதாகவே நடக்கிறது.

மாலை ஐந்து மணிக்கு ஒரு அறையில் போய்ப் பாருங்கள். அம்மாவின் கையில் கோப்பை இருக்கும். இரண்டு மிடறு குடித்துவிட்டு மேசையில் வைத்துவிடுவார். தாகம் இல்லை என்பார். முதுமையில் தாக உணர்வு மங்குவது உண்மைதான், ஆனால் அதைவிடப் பெரிய காரணம் கழிவறை. ராத்திரி மணி அடித்தால் யார் வருவார்கள், வாக்கரைப் பிடித்துப் போவதற்குள் நனைந்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம். ஐயாவுக்கு புராஸ்டேட் தொல்லை, அவரும் அதே கணக்கைப் போடுகிறார். எஸ்பென் அளவுப்படி பானங்களாகவே பெண்ணுக்கு 1.6 லிட்டர், ஆணுக்கு 2 லிட்டர் வேண்டும், இதயமோ சிறுநீரகமோ தடை சொல்லாதவரை. 150 மில்லி கோப்பையில் அம்மாவுக்குப் பதினொன்று. இதில் ஏழெட்டைப் பிற்பகல் மூன்று மணிக்குள் முடிக்கலாம். காலை மாத்திரைக்கு ஒரு மிடறு போதும் என்று விடாமல் கோப்பை நிறையக் கொடுங்கள். சிறுநீர் பிரியும் மாத்திரையை மாலையில் தரும் வழக்கம் இருந்தால் மருத்துவரிடம் பேசிக் காலைக்கு மாற்றுங்கள். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை கேட்காமலே கழிவறைக்கு அழைத்துப் போங்கள். போக வழி உண்டு என்று நம்பிக்கை வந்தால் தானாகக் குடிப்பார்கள். தோலைக் கிள்ளிப் பார்த்து நீரிழப்பைச் சொல்வது முதியவர்களிடம் நம்பத்தக்கதல்ல. சந்தேகம் இருந்தால் ரத்தத்தின் ஆஸ்மோலாலிட்டியை (கரைபொருள் செறிவை) அளக்கச் சொல்லுங்கள், 300-ஐத் தாண்டினால் நீர் போதவில்லை.

மனச்சோர்வைப் பற்றி ஒரு சொல். பெண்கள் அழுதோ புலம்பியோ வெளிப்படுத்துவதால் ஓரளவு கண்டுபிடிக்கப்படுகிறது. ஆண்கள் எரிந்து விழுவார்கள், தட்டைத் தள்ளுவார்கள். அதைக் குணக்கேடு என்று எழுதிவைத்தால் சிகிச்சை கிடைக்காது.

எடையை மாதம் ஒருமுறையாவது பாருங்கள், மெலிபவரை வாரம் ஒருமுறை. காலையில், சிறுநீர் கழித்தபின், ஒரே மாதிரி உடையில். நனைந்த டயபரோடு ஏற்றினால் அரைக் கிலோ வரை பொய் சொல்லும். சக்கர நாற்காலியோடு நிறுத்தால் நாற்காலியின் எடையை அன்றன்றைக்குத் தனியாக எடுத்துக் கழியுங்கள், மெத்தையும் கால்தாங்கியும் மாறிக்கொண்டே இருக்கும். பிறகு கிலோவை விட்டுவிட்டுச் சதவீதத்தைப் பாருங்கள். ஒரே மாதத்தில் 5 சதவீதம் குறைந்தால் உடனே தலையிட வேண்டும். ஐயாவுக்கு அது 3.4 கிலோ, அம்மாவுக்கு 2.1 கிலோ. "ரெண்டு கிலோதானே" என்ற பேச்சு அம்மாவிடம் எடுபடாது.