பின் சீட்டு

2020 ஜூன் மாதம் எனக்கு வேலை, போன் பேசுவது. மனநல ஆலோசகர் என்று பெயர். கொரோனாவால் தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளின் பட்டியல் காலையில் வாட்ஸ்அப்பில் வரும், முப்பது எண்கள். சாயங்காலத்துக்குள் எல்லோரிடமும் பேசி முடிக்க வேண்டும். சொந்த போனிலிருந்து கூப்பிட்டதால் பாதிப் பேர் பயந்துகொண்டேதான் எடுப்பார்கள். “தகரம் அடிக்க வர்றீங்களா மேடம்?” என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். சென்னையில் அப்போது தொற்று வந்த வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். சில இடங்களில் தகரம் வைத்தே அடைத்தார்கள்.

காய்ச்சல் இருக்கா, மூச்சு வாங்குதா, கபசுரக் குடிநீர் கிடைச்சதா, தூக்கம் வருதா என்று கேட்டுவிட்டு, கடைசியில் எங்களுக்குக் கொடுத்திருந்த தாளைப் பார்த்து சில ஆலோசனைகளைச் சொல்ல வேண்டும். மூச்சுப் பயிற்சி, யோகா, பிடித்த பாட்டு. நானும் ஒப்பித்துக்கொண்டுதான் இருந்தேன். வியாசர்பாடியில் ஒரு அம்மா, ஒரே அறையில் ஐந்து பேர், பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “பாய விரிச்சா பசங்க வந்து படுத்துக்குவாங்க மேடம்.”

அன்றைக்கு அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் பெற்றோர் அரை மணி நேரம் பேசுவார்கள். “நீங்க எப்படி இருக்கீங்க?” என்றால், “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்று ஒரு வரி. அதனால் வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தேன்: “ஒரு நாள்ல உங்கள யாருமே கூப்பிடாத நேரம் எது?”

பெரும்பாலும் உடனே பதில் வராது. யோசிப்பார்கள். குளிக்கப் போகும் நேரம் என்று நிறைய பெண்கள் சொன்னார்கள், அதிலும் கதவைத் தட்டுவார்களாம். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு பால் பாத்திரம் கழுவும் நேரம் என்றார் ஒருவர். அதை வேண்டுமென்றே மெதுவாகக் கழுவுவாராம். இன்னொருவருக்குப் பையன் பத்தாம் வகுப்பு. ஜூன் 15-க்குத் தள்ளி வைத்திருந்த தேர்வை 9-ஆம் தேதி ரத்து செய்து எல்லோரும் பாஸ் என்று அறிவித்ததும் பையன் நிம்மதியாகத் தூங்கிவிட்டான். மார்ச்சிலிருந்து அவனோடு விடிகாலை எழுந்து உட்கார்ந்திருந்த அம்மாவுக்குத்தான் அழுகை நிற்கவில்லை.

ஒரு ஆட்டோ ஓட்டுநர் மட்டும் பட்டென்று பதில் சொன்னார். தனிமை நாட்கள் பதினான்கும் முடிந்திருந்தன, ஆனால் 19-ஆம் தேதியிலிருந்து மறுபடியும் முழு ஊரடங்கு, சவாரி கிடையாது. “கீழ வண்டி நிக்குது மேடம். அதுல போய் உக்காந்துக்குவேன். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம்.” பின்னால் அவர் மனைவியின் குரல் கேட்டது: “இவரு போயிடுவாரு. நான் எங்க போறது?”

நியாயமான கேள்வி. எந்தத் தாளிலும் அதற்குப் பதில் இல்லை. சாயங்காலம் அரை மணி நேரம் வண்டியை உங்கள் மனைவிக்கு விட்டுக்கொடுங்கள், பிள்ளைகள் அழுதாலும் கீழே அனுப்பாதீர்கள் என்று மட்டும் சொன்னேன். “சரி மேடம்” என்றார். செய்வார் என்று நான் நம்பவில்லை.

இதற்கிடையில் என் வீட்டு லட்சணத்தையும் சொல்ல வேண்டும். கணவர் இஸ்திரி மேசையில் லேப்டாப்பை வைத்து வேலை பார்த்தார். நான் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவேன். மகளுக்கு ஆறு வயது. ஒரு நாள் கதவைத் திறந்தால், கூடத்தில் டிவி ரிமோட்டைக் காதில் வைத்துக்கொண்டு விளையாடுகிறாள். “சாப்டீங்களா? நல்லா தூங்குங்க, என்ன?” என்று இழுத்து இழுத்து, அத்தனை கனிவாக. அப்புறம் மடியில் இருந்த பொம்மையின் பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, “அம்மா போன்ல இருக்கேன்ல? வாய மூடு!”

இரண்டு குரலும் அச்சு அசல் என்னுடையவை. கணவர் இஸ்திரி மேசையிலிருந்து நிமிரவே இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

பத்து நாள் கழித்து அந்த ஆட்டோக்காரர் எண்ணுக்குக் கூப்பிட்டேன். பட்டியலில் இல்லை, எனக்காகத்தான். மனைவி எடுத்தார். “வண்டியிலதான் இருக்கேன்” என்றார்.

“முன்னாடியா?”

“இல்ல மேடம், பின்னாடி. பின் சீட்டுல சாஞ்சு உக்காந்தா எங்கயோ போயிட்டிருக்கிற மாதிரியே இருக்கு.”

மேலே ஒரு குழந்தை அழுவது எனக்கே கேட்டது. அவருக்குக் கேட்காமல் இருந்திருக்காது. ஆனாலும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் கேட்காமல் போனை வைத்தேன்.

அன்றைக்கு ஆறு மணிக்குக் கணவரிடம் மகளை ஒப்படைத்துவிட்டு, டீயை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிப் படியில் போய் உட்கார்ந்தேன். மூன்றாவது நிமிடமே உள்ளே “அம்மா எங்க?” என்று ஆரம்பித்துவிட்டாள். எழுந்துவிட்டேன். அப்புறம் டம்ளரில் பாதி டீ அப்படியே இருப்பதைப் பார்த்து மறுபடியும் உட்கார்ந்தேன். மார்ச்சுக்குப் பிறகு டீயைச் சூடாகக் குடித்தது அன்றைக்குத்தான்.