"ஜெபிக்கிறீங்களா?"

அறுப்பின் பண்டிகை முடிந்த ராத்திரி அது. சபையின் ஐயர், அதாவது போதகர், நான். காணிக்கையாக வந்த விளைச்சலை ஏலம் விட்ட கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு முருங்கைக்காய்க் கட்டில் 150 ரூபாய் உதைத்தது. சபை வேலையில் எனக்குத் துணையாக இருக்கும் உபதேசியார் வாசற்படியில் நின்று சைக்கிள் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ராத்திரி ஒறக்கமே வரமாட்டேங்கு, ஐயரே. மூணு மாசமாச்சு."

நிமிர்ந்து பார்த்தேனா என்பதுகூட நினைவில்லை. "ஜெபிக்கிறீங்களா?" என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. சாவி சுற்றுவது நின்றது.

"பண்ணுதேன். உக்காந்தா வார்த்தை வரமாட்டேங்கு."

"விடாம பண்ணுங்க" என்றேன். எழுந்து, தலையில் கை வைத்து, இரண்டு நிமிஷம் ஜெபித்துவிட்டுக் கணக்குக்குத் திரும்பினேன்.

எனக்கும் நியாயம் உண்டு. நாலு ஊர், ஒரு பைக், திண்ணையில் கமிட்டிக்காரர்கள். ஐயரிடம் வருகிறவர் ஜெபத்தைத்தானே எதிர்பார்ப்பார்? டாக்டரைப் பாருங்கள் என்றிருந்தால் விசுவாசமில்லாத ஐயர் என்று ஊர் பேசியிருக்கும். எல்லாம் சரி. ஆனால் அதே வாரம்தான் திடப்படுத்தலுக்கு, அதாவது விசுவாசத்தைச் சபை முன் அறிக்கையிட, ஆயத்தமாகும் பிள்ளைகளுக்குச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் கேள்வி-பதிலாக எழுதிய சிறிய ஞானோபதேசத்தைச் சொல்லிக்கொடுத்தேன். சொந்தப் புத்தியாலும் பலத்தாலும் கிறிஸ்துவை விசுவாசிக்கவோ அவரிடம் வரவோ என்னால் முடியாது, ஆவியானவரே அழைத்தார் என்கிற பகுதி. பிள்ளைகளுக்குக் கிருபையைச் சொல்லிவிட்டு, சபைக்கு உழைக்கிறவரிடம் வருகைப் பதிவேட்டை நீட்டியிருக்கிறேன்.

ஸ்மால்கால்ட் பிரமாணம் என்கிற விசுவாச அறிக்கையில், பிரசங்கம், ஞானஸ்நானம், திருவிருந்து, பாவமன்னிப்பு இவற்றோடு, சகோதரர் உட்கார்ந்து பேசி ஒருவரையொருவர் தேற்றுவதையும் சுவிசேஷம் வந்து சேரும் வழியாக லுத்தர் சேர்த்திருக்கிறார். செமினரியில் இதற்கு மார்க் வாங்கியவன் நான். அன்று அவருக்கு ஒரு நாற்காலிகூட இழுத்துப் போடவில்லை.

அடுத்த ஞாயிறு பரமண்டல ஜெபத்தின் நடுவில் அவர் குரல் நின்றது. சபை தன் பாட்டுக்குச் சொல்லி முடித்தது. தொண்டைக்கட்டாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அன்று ராத்திரி அவருக்காக வெகுநேரம் ஜெபித்தேன். அவருக்காகவா, என் உறுத்தல் அடங்கவா என்று இன்றைக்கும் பிடிபடவில்லை.

போன மாதம் வள்ளியூரில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். முகம் தெளிந்திருந்தது.

"இப்ப ஒறக்கம் வருது, ஐயரே. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரில மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. ராத்திரி ஒண்ணு. லுத்தரய்யா எழுதின மாலை ஜெபத்தையும் சொல்லுதேன்."

அந்த ஜெபத்தின் கீழேயே, சொல்லி முடித்ததும் சட்டென்று சந்தோஷமாகத் தூங்கப் போ என்று லுத்தர் எழுதியிருப்பார். அப்படியானால் அன்று நான் சொன்னது ஒன்றும் தப்பில்லையே என்று மனசு உடனே எனக்குச் சாதகமாகக் கணக்குப் போட்டது. அதோடு விட்டிருக்கலாம்.

"எது முதல்ல? ஜெபமா, மாத்திரையா?" என்று கேட்டுவிட்டேன்.

"மாத்திரைதான்" என்றார். "அது கேக்க அரைமணி நேரம் ஆகும்லா. அதுக்குள்ள ஜெபத்த முடிச்சிருவேன்."