ஹொனேக்கர் எதிரே உட்கார்ந்த பேராயர்

சபைக் காரியமாக மனு எடுத்துக்கொண்டு தருமபுரி கலெக்டர் ஆபீஸுக்குப் போகும் போதகர்களும் மூப்பர்களும் அன்று கம்யூனிஸ்ட் நாடாக இருந்த கிழக்கு ஜெர்மனியின் பேராயர் ஆல்பிரெக்ட் ஷோன்ஹெரைப் பற்றி அவசியம் படிக்க வேண்டும். நாஜிகள் தூக்கிலிட்ட இறையியலாளர் போன்ஹோஃபரின் மாணவர் அவர்.

1969-ல் அங்கிருந்த எட்டு புராட்டஸ்டன்ட் வட்டாரத் திருச்சபைகளும் மேற்கு ஜெர்மனியோடு இருந்த நிர்வாக இணைப்பைத் துண்டித்துத் தனிக் கூட்டமைப்பாயின. தலைவர் ஷோன்ஹெர். ‘மேற்கின் கைப்பாவை’ என்று அரசு இனி தட்டிக்கழிக்க முடியவில்லை.

1978 மார்ச் 6 அன்று நாட்டை ஆண்ட கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர் ஹொனேக்கரைச் சந்தித்தார். தனியாக அல்ல, கூட்டமைப்பின் நிர்வாகிகளோடு. இது மிக முக்கியம். ஒற்றை ஆளாகப் போனால், உள்ளே என்ன பேசினார் என்ற சந்தேகம் சபைக்குள்ளேயே முளைக்கும். சிறைக்கைதிகளைப் போதகர்கள் சந்திப்பது, வானொலி, தொலைக்காட்சியில் நேரம், புதுக் குடியிருப்புகளில் ஆலயம் கட்டுவது எனக் கையில் பிடிக்கக்கூடிய விஷயங்களையே பேசினார்கள்.

கிடைத்தவை சலுகைகள்தான், சட்ட உரிமைகள் அல்ல. கோளாறு அங்கேதான். அதே ஆண்டு செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்பில் ராணுவப் பாடம் கட்டாயமானது. திருச்சபை வெளிப்படையாக எதிர்த்தது, அரசு அசையவில்லை. ஆனாலும் உறவு முறியவில்லை, ஆலயக் கதவுகளும் மூடப்படவில்லை. 1980-களில் சமாதானக் குழுக்கள் கூடியது அந்த ஆலயங்களுக்குள்தான். ஷோன்ஹெர் விட்டுக்கொடுத்தது அதிகம் என்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.