பட்டன், பட்டன், பட்டன்

போன வாரம் ஒரு அப்டேட் போட்டுவிட்டுக் கணினியை ரீஸ்டார்ட் செய்தேன். லாகின் திரை வந்ததும், திரையில் இருப்பதைக் குரலாகச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரான ஆர்கா வாயைத் திறக்கும். அன்று மூச்சுப் பேச்சில்லை.

எனக்குப் பார்வை கிடையாது. மானிட்டரை அணைத்தேதான் வைத்திருப்பேன், எரிந்து யாருக்கு லாபம்? கணினிக்கு உயிர் இருக்கிறது என்பதற்கு எனக்குள்ள ஒரே சாட்சி அந்தக் குரல்தான்.

முதலில் ஆல்ட், சூப்பர், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். நான் பயன்படுத்தும் லினக்ஸின் முகப்பான ஜினோமில் ஆர்காவை எழுப்புகிற விசை அது. எழவில்லை. சரியென்று பாஸ்வேர்டைக் குருட்டாம்போக்கில் அடித்தேன் (அந்தச் சொல்லைப் பயன்படுத்த என்னைவிட உரிமை யாருக்கு இருக்கிறது?). கொஞ்சம் பொறுத்து, கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினல் திறந்திருக்கும் என்ற நம்பிக்கையில், எழுத்தைக் குரலாக்கும் இஸ்பீக் நிரலின் கட்டளையோடு ஹலோ என்று அடித்து என்டர் தட்டினேன். "ஹலோ" என்றது, மூக்கடைத்த ரோபோக் குரலில். அப்பாடா! ஸ்பீக்கரும் சரி, குரலும் சரி. இரண்டுக்கும் ஆர்காவுக்கும் நடுவில் நின்று தரகு வேலை பார்க்கும் ஸ்பீச் டிஸ்பேட்சர்தான் படுத்துவிட்டது. அதன்பிறகு ஒவ்வொரு கட்டளையின் விடையையும் பைப் போட்டு இஸ்பீக்குக்கே திருப்பிவிட்டு, பிழைச் செய்திகளைக் காதால் கேட்டுக் கேட்டு, நாற்பது நிமிடத்தில் அதை எழுப்பி உட்காரவைத்தேன்.

திரை கறுத்துப்போயிருந்தால் அந்த அப்டேட் வெளியே வந்திருக்குமா? குரல் போனதற்கு, வெளியீட்டுக் குறிப்பின் அடியில் 'அறிந்த சிக்கல்' என்று ஒரு வரி. அந்த வரியையும் குரல் திரும்பி வந்த பிறகுதான் படிக்க முடிந்தது.

இதெல்லாம் எப்போதோ வருகிற இடி. தினமும் குடைகிற வலி வேறு. ஆர்கா திரையில் இருக்கும் படத்தைப் பார்த்து எதையும் படிப்பதில்லை. ஏடி-எஸ்பிஐ என்ற ஏற்பாட்டின் வழியாக, திறந்திருக்கும் செயலியிடமே கேட்கும்: நீ நிற்கிற இடத்தில் என்ன இருக்கிறது, அதன் பெயர் என்ன, அழுத்தியிருக்கிறதா இல்லையா? அழகான ஐகானைப் போட்டுவிட்டு, அதற்குப் பெயர் வைக்க டெவலப்பர் மறந்திருந்தால் செயலி என்ன சொல்லும்? வகையை மட்டும் சொல்லும். நான் டேப் தட்டத் தட்ட "பட்டன்", "பட்டன்", "பட்டன்" என்று போய்க்கொண்டே இருக்கும். கதவு எண் இல்லாத தெருவில் வீடு தேடுவது போல.

வேலேண்ட் கதையும் இருக்கிறது. லினக்ஸில் ஜன்னல்களைத் திரையில் காட்டி, விசைகளை நிரல்களிடம் சேர்க்கும் ஏற்பாடு அது; அதற்கு முன் அந்த வேலையைப் பார்த்தது எக்ஸ்11. பழைய எக்ஸ்11-இல் எந்த நிரலும் அடுத்த நிரலுக்கு அடிக்கிற விசையை ஒட்டுக்கேட்கலாம். பாஸ்வேர்ட் திருட வசதி என்பதால் வேலேண்ட் அதை அடைத்தது. நியாயம்தான். ஆனால் கேப்ஸ் லாக்கோடு நான் எந்த விசையை அழுத்தினாலும் காதில் வாங்கவேண்டிய ஸ்கிரீன் ரீடரும் ஒருவகையில் ஒட்டுக்கேட்கிற ஆள்தானே? திருடனுக்குப் போட்ட பூட்டில் வீட்டுக்காரனும் மாட்டிக்கொண்டான். ஃபெடோரா என்ற லினக்ஸ் வகை 2016-லேயே வேலேண்டை இயல்பாக்கிவிட்டது. ஆர்கா விசைகளுக்கு ஒழுங்கான வழி ஜினோம் 48-இல், 2025 மார்ச்சில்தான் பிறந்தது. நடுவில் எத்தனை வருடம் என்று நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு திட்டுகிறவன் ஏன் இந்தத் திறந்த மூல மென்பொருளிலேயே கிடக்கிறேன் என்று நண்பன் கேட்டான். நான் குறிப்பெடுக்கும் செயலியின் டூல்பாரில் ஆறு பட்டன்கள், ஆறுக்கும் பெயர் இல்லை. மூலநிரலைத் திறந்து பார்த்தேன். பட்டனுக்கு ஒரு வரி, மொத்தம் ஆறு வரி. எழுதி அதன் டெவலப்பருக்கு அனுப்பினேன். அன்று மாலையே பதில் வந்தது: "இது எனக்குத் தோன்றவே இல்லை, மன்னிக்கவும்." ஆறும் சேர்ந்துவிட்டன. மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் வாடிக்கையாளர் சேவையின் நன்றி மின்னஞ்சலோடு கதை முடிந்திருக்கும்.

அந்தச் செயலியில்தான் இதையும் எழுதுகிறேன். தமிழைக் காதால் சரிபார்ப்பது தனி வித்தை. கரையும் கறையும் என் காதுக்கு ஒன்றுதான், அம்பு விசையால் எழுத்தெழுத்தாக நகர்ந்தால்தான் தப்பு பிடிபடும். இப்போது சேமிக்கலாம் என்று டூல்பாருக்குப் போனால் ஏழாவதாக ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. போன வார அப்டேட்டில் சேர்ந்ததாக இருக்க வேண்டும். "பட்டன்" என்கிறது ஆர்கா. என்ன செய்யும் என்று தெரிய அழுத்தித்தான் பார்க்க வேண்டும். முதலில் இதை வேறோர் இடத்தில் நகலெடுத்து வைத்துக்கொள்கிறேன்.